எம்பிடிஐ, டிஸ்க், பிக் ஃபைவ்: டீமுக்கு எது உதவும்?

எங்கள் டீமில் ஒரு டெஸ்டர். சின்னப் பிழையைக் கண்டாலும் ஸ்கிரீன்ஷாட், லாக் எல்லாம் சேர்த்து முழம் நீளத்துக்கு மெயில் போடுவார். டெவலப்பரோ அதைத் திறந்துகூடப் பார்க்காமல் "நேரா வந்து சொல்லுங்க, ரெண்டு நிமிஷ வேலை" என்பார். இவருக்கு அவர் அலட்சியக்காரர், அவருக்கு இவர் நச்சரிப்புக்காரர். ஹெச்.ஆர். ஒரு பயிற்சியாளரை அழைத்து வந்து எல்லோருக்கும் குணம் பார்க்கும் டெஸ்ட் வைத்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் வேறு வேலைகளில் வேறு டெஸ்ட்களும் எழுதிவிட்டேன். அந்த அனுபவத்தில்தான் இந்த ஒப்பீடு.

எல்லோரும் கேள்விப்பட்டது எம்பிடிஐ. உளவியலாளர் கார்ல் யுங் 1921-இல் எழுதிய ஆளுமை வகைகளை வைத்து கேதரின் பிரிக்ஸ், இசபெல் பிரிக்ஸ் மையர்ஸ் என்ற அமெரிக்கத் தாயும் மகளும் உருவாக்கியது. இருவருமே முறையாக உளவியல் படித்தவர்கள் இல்லை. நான்கு அம்சங்கள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கம், மொத்தம் 16 வகை, ஒவ்வொரு வகைக்கும் நான்கு எழுத்துப் பெயர். சிக்கலும் இந்த 'இரண்டு பக்கம்' என்பதில்தான். கலகலப்பில் 51 வாங்கியவர் எக்ஸ்ட்ரோவர்ட், 49 வாங்கியவர் இன்ட்ரோவர்ட் என்று நடுவில் சுவர் எழுப்பினால், கோட்டுக்குப் பக்கத்தில் நிற்பவர் அடுத்த மாதம் எழுதும்போது அந்தப் பக்கம் போய்விடுவார். நானே ஒரு முறை ஐஎன்டிஜே, இன்னொரு முறை ஐஎன்டிபி. நடுவில் என் குணம் மாறவில்லை, தூக்கம்தான் குறைந்திருந்தது.

ஆனாலும் எம்பிடிஐயால் எனக்கு ஒரு நல்லது நடந்தது. பேசிக்கொண்டே யோசிப்பவர்கள் உண்டு, யோசித்து முடித்த பிறகே வாயைத் திறப்பவர்களும் உண்டு என்பது அப்போதுதான் உறைத்தது. அதன் பிறகு மீட்டிங்குக்கு முதல் நாளே என்ன பேசப்போகிறோம் என்று அனுப்ப ஆரம்பித்தோம். அதுவரை வாயே திறக்காத இரண்டு பேர் பேசினார்கள். அதை மட்டும் எடுத்துக்கொண்டு நான்கு எழுத்தை மறந்துவிடலாம். ஆள் எடுக்க இதைப் பயன்படுத்தாதீர்கள் என்று இதை விற்கும் நிறுவனமே சொல்கிறது என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

அடுத்தது டிஸ்க். டி, ஐ, எஸ், சி என்று ஆட்களின் நடத்தையை நான்கு விதமாகப் பிரிப்பது. இதன் வேர் வில்லியம் மார்ஸ்டன் என்ற உளவியலாளர் 1928-இல் எழுதிய புத்தகத்தில் இருக்கிறது. ரத்த அழுத்தத்தை வைத்துப் பொய்யைக் கண்டுபிடிக்க முயன்றவரும் அவரே, பின்னாளில் வொண்டர் வுமன் பாத்திரத்தைப் படைத்தவரும் அவரே. ஆனால் அவர் டெஸ்ட் எதுவும் செய்யவில்லை, அதெல்லாம் பிறகு வந்தவர்கள் செய்தது. இன்று பல நிறுவனங்கள் அவரவர் விருப்பத்துக்கு விற்கின்றன, தரமும் அதற்கேற்ப மாறும்.

ஆராய்ச்சி ஆதாரம் என்று பார்த்தால் இதற்குப் பெரிய மதிப்பெண் தர முடியாது. ஆனால் திங்கட்கிழமை காலையிலேயே பயன்படுவது இதுதான். வேலை ஒரு வாரம் தள்ளிப்போகிறது, அதைச் சொல்லியாக வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிகாரமாக நடந்து பழகிய டி ஆளுக்கு, என்ன ஆச்சு, எப்போது முடியும், அவர் என்ன செய்ய வேண்டும் என்று மூன்று வரி போதும். காரணத்தில் ஆரம்பித்தால் கதை விடுகிறோம் என்று நினைப்பார். கலகலப்பான ஐ ஆளுக்கு மெயில் போட்டுப் பிரயோஜனம் இல்லை, போனில் கூப்பிட வேண்டும், பேசி முடித்த பிறகு முடிவை எழுதி அனுப்பவும் வேண்டும், இல்லாவிட்டால் அவர் மறந்துவிடுவார். நிதானமான எஸ் ஆளிடம் பத்துப் பேர் முன்னால் திடீரென்று போட்டு உடைக்கக் கூடாது. "சரி சரி, பார்த்துக்கலாம்" என்பார், உள்ளுக்குள் நொந்துபோவார், அது ஆறு மாதம் கழித்து ராஜினாமாக் கடிதத்தில்தான் வெளியே வரும். கணக்குப் பார்க்கும் சி ஆளுக்கு எண்கள் வேண்டும்: எத்தனை வேலை மிச்சம், எந்த அனுமானம் தப்பாகப் போனது என்று. விஷயம் ஒன்றேதான், சொல்லும் விதம் நான்கு. இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு மதியம் போதும்.

ஆபத்தும் இங்கேதான். பயிற்சி முடிந்த மறுவாரமே ஒருத்தர் ஜூனியரைக் கத்திவிட்டு "நான் டி, அப்படித்தான் பேசுவேன்" என்றார். அடுத்தவரைப் புரிந்துகொள்ளக் கொடுத்த சீட்டு அவருக்குத் திட்டுவதற்கான லைசென்ஸ் ஆகிவிட்டது.

பிக் ஃபைவ் பிறந்த கதையே வேறு. 1936-இல் ஆல்போர்ட், ஓட்பர்ட் என்ற உளவியலாளர்கள் இருவரும் ஆங்கில அகராதியிலிருந்து மனிதர்களை வர்ணிக்கும் சொற்களை அள்ளினார்கள், கிட்டத்தட்ட 18,000. பின்னால் வந்தவர்கள் புள்ளியியல் கொண்டு அதைச் சலித்துச் சலித்து ஐந்து குணங்களில் கொண்டுவந்து நிறுத்தினார்கள்: புதியதில் ஆர்வம், பொறுப்புணர்வு, கலகலப்பு, இணக்கம், மனப்பதற்றம். இதில் வகை என்பதே கிடையாது, ஒவ்வொன்றிலும் எவ்வளவு என்ற அளவுதான். பொறுப்புணர்வு கூடியவர்கள் பலவகை வேலைகளிலும் நன்றாகச் செய்கிறார்கள் என்று பாரிக், மவுண்ட் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1991-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார்கள். காசில்லாமல் கிடைக்கும் கேள்வித்தாள்களும் உண்டு.

ஆனால் டீம் மீட்டிங்கில் "எனக்கு மனப்பதற்றம் அதிகம், இணக்கம் கம்மி" என்று யார் எழுந்து சொல்வார்கள்? நான் சொல்ல மாட்டேன். அதுவும் அப்ரைசல் போடும் மேனேஜர் எதிரில் உட்கார்ந்திருக்கும்போது. வீட்டில் தனியாக எழுதிப் பார்த்து, நமக்கு நாமே தெரிந்துகொள்ள இதைவிட நல்லது கிடையாது. கூட்டத்தில் விரித்து வைக்க உதவாது.

பெல்பின் என்று நான்காவது ஒன்றும் உண்டு, டீமில் யார் எந்தப் பங்கை எடுத்துக்கொள்கிறார் என்று பார்ப்பது. பிரிட்டனின் ஹென்லி மேலாண்மைக் கல்லூரியில் கெட்டிக்காரர்களை மட்டும் பொறுக்கிச் சேர்த்த அணிகள் பல சமயம் மட்டமாக ஆடியதை மெரிடித் பெல்பின் என்ற ஆய்வாளர் கவனித்தார், அதற்கு அப்போலோ என்று பெயரும் வைத்தார். எல்லோரும் யோசனை சொல்கிறார்கள், யாரும் வேலையை முடிப்பதில்லை என்பது உங்கள் டீமின் நோய் என்றால் இதைப் பாருங்கள். பேச்சில் தகராறு என்றால் இது வேண்டாம்.

எந்த டெஸ்ட் எழுதினாலும் ரிப்போர்ட்டைப் படித்ததும் "அட, அப்படியே என்னைப் பத்திதான்!" என்று தோன்றும். அதை நம்ப வேண்டாம். 1948-இல் ஃபோரர் என்ற பேராசிரியர் தன் மாணவர்கள் எல்லோருக்கும் ஒரே குறிப்பைத் தனித்தனி ரிப்போர்ட் போலக் கொடுத்தார், வரிகள் பெரும்பாலும் ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. மாணவர்கள் ஐந்துக்குச் சராசரி 4.26 போட்டார்கள். ராசிபலன் படித்து வளர்ந்த நமக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை.

என்னைக் கேட்டால் டீமுக்கு டிஸ்க், அதுவும் எழுத்தை யார் நெற்றியிலும் ஒட்டாமல். உங்களுக்கு மட்டும் பிக் ஃபைவ். சம்பள உயர்வுக்கும் ஆள் எடுப்பதற்கும் நிறுவனங்கள் இவற்றில் எதையும் தொடாமல் இருப்பது நல்லது. பட்ஜெட் இல்லையா? எங்கள் டீமில் கடைசியில் செய்ததைச் செய்யுங்கள்: கெட்ட செய்தியை எனக்கு எப்படிச் சொல்ல வேண்டும், எப்போது தொந்தரவு செய்யக் கூடாது, எது செய்தால் எரிச்சல் வரும் என்று ஆளுக்கு அரைப் பக்கம் எழுதி, சுற்றி உட்கார்ந்து படித்தோம்.

அந்த டெஸ்டர் இப்போதும் முழம் நீளத்துக்குத்தான் மெயில் போடுகிறார், ஆனால் மேலே மூன்று வரியில் சாரத்தைச் சொல்லிவிடுகிறார். டெவலப்பர் அந்த மூன்று வரியைப் படிக்கிறார். மீதியை இன்னும் படிப்பதில்லை.