ரூய் லோபஸை எதிர்கொள்வதா, ஒதுங்கிப் போவதா?

பெங்களூரில் ஞாயிற்றுக்கிழமை ராபிட் போட்டிகளுக்கு வரும் நம் பிள்ளைகளிடம் அடிக்கடி வரும் கேள்வி இது: வெள்ளை தன் பிஷப்பை பி5-க்குக் கொண்டுவரும் ரூய் லோபஸ் அவ்வளவு பலமான செஸ் ஓப்பனிங் (ஆட்டத் தொடக்கம்) என்றால், வெள்ளையின் இ4-க்கு இ5 ஆடி கறுப்பு ஏன் தானாகப் போய்த் தலையைக் கொடுக்கிறது?

ஒதுங்க வழிகள் உண்டு. பெட்ராஃப், காரோ-கான், சிசிலியன் என்று கறுப்புக்கு வேறு தற்காப்புகள். ஆனால் சிசிலியனுக்குப் போனால் அலாபின், ஸ்மித்-மோரா, ரொசோலிமோ என்று வெள்ளை தன் இஷ்டத்துக்கு எதையாவது எடுக்கும். ரொசோலிமோவில் அதே பிஷப் அதே பி5-க்குத்தான் வருகிறது!

ரூய் லோபஸ் மெதுவாகத்தான் நெருக்கும். கறுப்பு ஏ6 ஆடியதும் வெள்ளை தன் பிஷப்பால் கறுப்புக் குதிரையை வெட்டி, அப்புறம் தன் குதிரையால் இ5 சிப்பாயையும் எடுத்தால், கறுப்பு ராணி டி4-க்கு வந்து அந்தக் குதிரையையும் இ4 சிப்பாயையும் சேர்த்துத் தாக்கும். சிப்பாய் திரும்பி வந்துவிடும். அதனால் எந்த மாதிரி ஆட்டம் வேண்டும் என்று தேர்ந்தெடுக்கக் கறுப்புக்கு அவகாசம் இருக்கிறது.

ரூய் லோபஸுக்கு எதிரான பெர்லின் தற்காப்பை எடுத்தால், பிரபலமான வரிசையில் எட்டாவது நகர்த்தலிலேயே ராணிகள் போய், ஆட்டம் நேராக எண்ட்கேமுக்கு (கடைசிக் கட்டத்துக்கு) வந்துவிடும். கறுப்புக்கு காஸ்லிங் கிடையாது, சி வரிசையில் இரட்டைச் சிப்பாய் வேறு. பதிலுக்கு இரண்டு பிஷப்புகள். 2000-இல் லண்டனில் நடந்த உலக சாம்பியன்ஷிப் மேட்சில் காஸ்பரோவுக்கு எதிராக கிராம்னிக் இதைக் கையில் எடுத்தார். அந்த மேட்ச் முழுக்க காஸ்பரோவால் ஒரு ஆட்டம்கூட ஜெயிக்க முடியவில்லை. 2013 சென்னை உலக சாம்பியன்ஷிப்பில் ஆறாவது ஆட்டத்தில் ஆனந்த் டி3 ஆடி அந்த எண்ட்கேமைத் தவிர்த்தும், கறுப்பில் ஆடிய கார்ல்சன்தான் ஜெயித்தார். அடுத்த வருடம் அதே இருவரும் சோச்சியில் மோதியபோது பதினோராவது ஆட்டத்தில் அதே எண்ட்கேமில் கறுப்பாக ஆடி ஆனந்த் தோற்றார். பெர்லின் சுவர் என்கிறார்கள். சுவரிலும் விரிசல் விழும். எண்ட்கேமில் பொறுமை இல்லாதவர்கள் தொடவே வேண்டாம்.

ரூய் லோபஸுக்கு எதிரான இன்னொரு வழியான மார்ஷல் அட்டாக் இதற்கு நேர் எதிர். ஒரு சிப்பாயைக் கொடுத்துவிட்டு ராஜாவை நோக்கிப் பாய்வது. 1918-இல் நியூயார்க்கில் பிராங்க் மார்ஷல் இதை காபபிளாங்காவிடம் ஆட, காபபிளாங்கா பலகையிலேயே யோசித்துத் தப்பி, ஆட்டத்தையும் ஜெயித்துவிட்டார். அப்படியும் இன்றுவரை கிராண்ட்மாஸ்டர்கள் இதை மதிக்கிறார்கள். சிக்கல் என்னவென்றால், எட்டாவது நகர்த்தலில் வெள்ளை ஏ4 அல்லது எச்3 ஆடிவிட்டால், ராத்திரி முழுக்கப் படித்தது வீண்.

என் ஓட்டு குளோஸ்டு ரூய் லோபஸுக்கு. அதில் ஒரு வகையான பிரேயரில் கறுப்புக் குதிரை தான் கிளம்பிய பி8-க்கே திரும்பிப் போகும். பார்க்க வேடிக்கைதான், ஆனால் அங்கிருந்து டி7-க்கு வந்து இ5-ஐத் தாங்கும். இடம் கொஞ்சம் நெருக்கடி, காய்கள் எல்லாம் பலகையில் இருக்கும், யுத்தம் தள்ளிப்போகும். பதினைந்து நிமிட ஆட்டத்தில், தன் குதிரையை டி2, எஃப்1, ஜி3 என்று சுற்றிக்கொண்டுவர எதிராளிக்கும் நேரம் செலவாகும்.

ஒரு விஷயம் மட்டும்: ஆரம்பநிலைப் போட்டிகளில் வெள்ளை பலமுறை பிஷப்பை சி4-க்குக் கொண்டுவரும் இத்தாலியன் ஓப்பனிங்தான் ஆடும். இ5 ஆடப்போகிறவர்கள் முதலில் அதற்குத் தயாராகட்டும்.