படகு வெண்கலத்துக்கு லாக்கரா, மெழுகா?

மும்பைத் துறைமுகத்தில் பாய்மரப் படகு வைத்திருப்பவர்களுக்கு மழை ஓய்ந்ததும் முதல் கவலை வெண்கலம்தான். கயிறு கட்டும் கிளீட், கப்பி, வட்ட ஜன்னலின் வளையம் எல்லாம் கறுத்துக் கிடக்கும். தேய்த்து மினுக்கியபின் அந்தப் பளபளப்பைக் காக்க லாக்கர் (வார்னிஷ் போல உலர்ந்து படலமாகும் நிறமற்ற பூச்சு) பூசுவதா, மெழுகு தடவுவதா, அப்படியே விட்டுவிடுவதா? வெளித்தளத்துக்கு என் வாக்கு மெழுகுக்கே.

லாக்கர் பூசிய அன்று அதன் அழகை எதுவும் மிஞ்சாது. அரிப்பைத் தடுக்கும் பென்சோட்ரையசோல் கலந்த அக்ரிலிக் வகை லாக்கரான இன்க்ராலாக், வெளியில் நிற்கும் வெண்கலச் சிலைகளுக்கே பூசப்படுவது. ஆனால் சிலையின் மேல் கயிறு உரசுவதில்லை. கிளீட்டின் கொம்பில் கயிறு இறுகும் இடத்தைக் குனிந்து பாருங்கள்: மயிரிழைக் கீறல் ஒன்று, அதிலிருந்து படலத்துக்கு அடியில் ஊர்ந்து போகும் கரும்பச்சைக் கோடுகள். உள்ளே புகுந்த உப்புநீரை வெளியேற்ற வழியில்லை. படலம் முழுவதையும் கரைத்து எடுத்து, மறுபடி முதலிலிருந்து மினுக்க வேண்டும். ஈரக்காற்றில் பூசினால் லாக்கர் பால்போல வெளுத்துவிடும் என்பதால், மும்பையில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பூசுவதே நல்லது. அதற்குமுன் அசிட்டோனால் துடைத்துவிடுங்கள். விரல் ரேகைகூடப் பிறகு கறையாகத் தெரியும். கயிறும் அலையும் தொடாத கேபின் விளக்குக்கு லாக்கர் பொருத்தம்.

பனை வகை மரத்தின் இலையில் கிடைக்கும் கார்னூபா மெழுகோ, பெட்ரோலியத்திலிருந்து வரும் மைக்ரோகிரிஸ்டலின் மெழுகோ லாக்கர் அளவுக்கு நாள் தாங்காது. ஆனால் தேய்ந்த இடத்தை மட்டும் நன்னீரில் கழுவி, உலர்த்தி, மீண்டும் தடவினால் போதும். வெயிலில் சூடேறிய உலோகத்தில் தடவினால் நுண்துளைகளுக்குள்ளும் இறங்கும். வேலை அடிக்கடி வரும், ஆனால் சிறிய வேலை.

அப்படியே விட்டாலும் நல்ல வெண்கலம் கெடாது. பழுப்பாகிப் பச்சையாகும் அந்தப் படலமே அரிப்பை மட்டுப்படுத்துகிறது. நேரமில்லாதவர்கள் தயங்காமல் இதைத் தேர்ந்தெடுக்கலாம்.

ஆனால் கையிலிருப்பது உண்மையிலேயே வெண்கலமா? தாராவியில் பாலிஷ் பட்டறை வைத்திருக்கும் திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவர், எதையும் மினுக்குவதற்குமுன் ஓரத்தில் அரம் போட்டுப் பார்ப்பார். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால், "இதுக்கு மெழுகும் வேண்டாம் தம்பி, மாற்றிவிடுங்கள்" என்பார். மாங்கனீஸ் வெண்கலம் என்று விற்கப்படுவதில் சுமார் 40 சதவீதம் துத்தநாகம். உண்மையில் அது பித்தளை. கடல்நீர் துத்தநாகத்தைக் கரைத்துவிட்டால் மிஞ்சுவது அந்த இளஞ்சிவப்பான, வலுவற்ற செம்பு. இழந்த வலுவை எந்தப் பூச்சும் திருப்பித் தராது.

மினுக்குவதில் நம் வீட்டுப் பழக்கம் ஒன்று இங்கே ஆகாது. மும்பையின் மாட்டுங்கா பகுதித் தமிழர் வீடுகளில் குத்துவிளக்குக்குப் புளியோடு உப்பும் சேர்ப்பார்கள். படகுக்குப் புளி மட்டும் போதும். கடலின் குளோரைடையே கழுவிக் களைய வேண்டிய இடத்தில் மேலும் உப்பு எதற்கு? அம்மோனியா கலந்த பாலிஷையும் பித்தளைப் பாகங்களிடம் கொண்டுபோகாதீர்கள். இழுவிசையில் இருக்கும் பித்தளையை அது விரிசல் விட வைக்கும்.

நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள வால்வுகளுக்கும் புரொப்பெல்லர் தண்டுக்கும் இந்தப் போட்டியே இல்லை. அங்கே காவல் துத்தநாக அனோடு, அதாவது மற்ற உலோகத்துக்குப் பதிலாகத் தான் கரைந்துபோகும் துத்தநாகக் கட்டி. பாதி கரைந்ததும் புதியதை மாட்டுங்கள். அதற்கு மட்டும் பெயின்ட் அடிக்கக் கூடாது.