பழைய இரும்பில் ஒரு பட்டறை: எதை வாங்குவது, எதை நாமே செய்வது?

வீட்டுக்குப் பின்னால் சின்னதாக ஒரு கொல்லுப்பட்டறை போட நினைப்பவர்கள் எடுத்த எடுப்பில் பட்டறைக்கல்லை, அதாவது பழுத்த இரும்பை வைத்து அடிக்கும் இரும்புக் கட்டியை, தேடிக் கிளம்பிவிடுகிறார்கள். அதற்கும் முன்னால் முடிவு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. உட்கார்ந்து அடிப்பதா, நின்று அடிப்பதா? நம் ஊர்ப் பட்டறைகளில் ஆசாரி உலைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருப்பார். உலையும் தரைமட்டம், கல்லும் தாழ்வாகப் பதித்திருக்கும். எதிரில் ஒருவர் நின்று சம்மட்டி போடுவார். ஆசாரியின் சின்னச் சுத்தியல் தட்டிக் காட்டும் இடத்தில் சம்மட்டி வந்து விழும். இரண்டு பேர் சேர்ந்து செய்யும் வேலைக்கு அதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. ஆனால் ஆசைக்காகச் செய்கிறவருக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சம்மட்டி போட யார் வருவார்கள்? ஒற்றை ஆளாக ஒரு கிலோ சுத்தியலை வைத்து வேலை செய்ய வேண்டுமானால் நின்றுதான் அடிக்க வேண்டும். நேராக நின்று கையைத் தொங்கவிட்டு விரல்களை மடக்கினால் விரல்முட்டி எந்த உயரத்தில் நிற்கிறதோ, அங்கேதான் கல்லின் மேல்முகம் இருக்க வேண்டும். உலையும் அதற்குத் தக்கபடி உயரும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உலையை நாமே செய்யலாம். கல்லைக் காயலான் கடையில் பொறுக்கலாம். வைஸை, அதாவது இரும்பை இறுக்கிப் பிடிக்கும் திருகுப் பிடியை, மட்டும் நல்லதாகப் பார்த்துக் காசு கொடுத்து வாங்க வேண்டும். நிறையப் பேர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கல்லுக்குப் பணத்தைக் கொட்டிவிட்டு, மிச்சத்தில் ஒரு கேஸ் உலை வாங்கி, வைஸ் இல்லாமல் திண்டாடுகிறார்கள்.

கல்: கொம்பு வைத்ததா, வெறும் கட்டியா?

கல்லுக்கு நான்கு வழிகள் இருக்கின்றன: ஹார்டுவேர் கடையில் விற்கும் புதிய வார்ப்பிரும்புக் கல், யாரோ பயன்படுத்திய பழைய எஃகுக் கல், தண்டவாளத் துண்டு, வடிவமே இல்லாத எஃகுக் கட்டி.

முதலாவதைக் கழித்துவிடலாம். பார்க்கக் கொம்பும் (வளைப்பதற்கான கூம்பு முனை) துளையுமாக அழகாக இருக்கும், பெயின்ட் அடித்திருக்கும். ஆனால் வார்ப்பிரும்பு அடியின் வேகத்தைத் தானே விழுங்கிக்கொள்ளும். முகத்தில் குழி விழும், விளிம்பு பொரிந்து உதிரும். பழையது என்று சொல்லி இதையே விற்பவர்களும் இருக்கிறார்கள். அதனால் கடைக்குப் போகும்போது பையில் ஒரு பேரிங் குண்டு இருக்கட்டும், அரை இன்ச் போதும். கல்லின் முகத்தைத் துணியால் துடைத்துவிட்டு, ஒரு ஸ்கேலை நிமிர்த்தி வைத்து, 25 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து குண்டை விடுங்கள். நல்ல கடின எஃகு என்றால் முக்கால் உயரத்துக்கு மேல் எகிறும். டக் டக் டக் என்று பலமுறை துள்ளி அடங்க நேரமாகும். வார்ப்பிரும்பில் பாதி உயரம்கூட வராது, இரண்டு மூன்று துள்ளலில் செத்துவிடும். ஒரே இடத்தில் சோதித்துவிட்டு விடாதீர்கள். முகம் முழுக்க விட்டுப் பாருங்கள். எஃகுத் தகடு ஒட்டிய பழைய கல்லில் தகடு எங்காவது விட்டிருந்தால் அந்த இடத்தில் மட்டும் குண்டு சோர்ந்துபோகும், சத்தமும் மாறும்.

இரண்டாவது வழி, பழைய எஃகுக் கல். கிடைத்தால் இதற்கு ஈடு எதுவும் இல்லை. சிக்கல் கிடைப்பதில்தான். மூடிய மில்லின் ஒர்க்ஷாப்பிலிருந்தோ, தொழிலை விட்ட குடும்பத்திடமிருந்தோ எப்போதாவது ஒன்று வெளியே வரும். அதற்காகக் காத்திருந்தால் தொடங்கவே முடியாது. காத்திருக்கும் காலத்தில் அடிக்க ஏதாவது வேண்டுமே, அதற்குத்தான் மற்ற இரண்டும்.

தண்டவாளம் எல்லோருக்கும் தோன்றும் யோசனை. இரும்பும் நல்ல இரும்பு. நம் ரயில்வேயில் மீட்டருக்கு 52 கிலோ, 60 கிலோ என்ற அளவுகள் பரவலாக இருக்கின்றன. ஆனால் பலரும் செய்வதுபோல் அதைப் பாதையில் கிடப்பது மாதிரியே படுக்கவைத்தால் பாதிப் பலன் போய்விடும். தலைக்குக் கீழே இருக்கும் நடுச்சுவர் மெல்லியது, அடிக்கும்போது துண்டு முழுக்க அதிரும், காது அடைக்கும். அதையே செங்குத்தாக நிறுத்தினால் அத்தனை எடையும் சுத்தியலுக்கு நேர் கீழே வந்துவிடும். அடிக்கும் முகம் உள்ளங்கை அளவுகூட இருக்காது, அது உண்மைதான். ஆனால் சுத்தியலின் முகம் அதைவிடச் சின்னதுதானே? கத்தி, கொக்கி, ஆணி, உளி எல்லாவற்றுக்கும் அது போதும்.

தண்டவாளத்தில் வேறொரு வில்லங்கம் இருக்கிறது. ரயில்வே சொத்தைச் சட்டவிரோதமாக வைத்திருப்பதற்கென்றே 1966-ல் ஒரு சட்டம் வந்தது. திருட்டுப் பொருளோ என்று நியாயமாகச் சந்தேகிக்கும்படியான ரயில்வே இரும்பு நம் கையில் இருந்தால், அது முறையாக வந்தது என்று நாம்தான் காட்ட வேண்டும். முதல் தடவைக்கே ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு. ரயில்வே ஏலத்தில் எடுத்த கடைக்காரரிடம் பில்லோடு வாங்கினால் கவலையில்லை. பில் தர மறுக்கும் கடையில் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் தொடாதீர்கள். தொழிற்சாலைகளில் கிரேன் ஓடும் தண்டவாளம் இதைவிட நல்ல தேர்வு. உயரம் குறைவு, நடுச்சுவர் தடிமன், அதனால் படுக்கவைத்தாலும் அவ்வளவு அதிராது. இதற்கும் பில் கேட்டு வாங்குங்கள்.

நான் கை காட்டுவது நான்காவது வழியை: வெறும் கட்டி. கோயம்புத்தூர்ப் பக்கமோ அம்பத்தூர்ப் பக்கமோ கழிவு எடுக்கும் பழைய இரும்புக் கடைகளில், ஃபோர்ஜிங் கம்பெனிகள் தேய்ந்துபோனதென்று தள்ளிய டை பிளாக் (பழுத்த இரும்பை அடித்து வடிவம் கொடுக்கும் அச்சுக்கட்டி) சில சமயம் கிடைக்கும். சூடான இரும்பின் மேல் ஆயிரக்கணக்கான அடிகளைத் தாங்குவதற்கென்றே செய்த எஃகு அது. டை கிடைக்காவிட்டால் பெரிய ஷாஃப்ட் துண்டு. 15 செ.மீ. விட்டமும் 40 செ.மீ. நீளமும் உள்ள உருளை ஏறக்குறைய 55 கிலோ வரும். ஒவ்வொரு பக்கமும் 20 செ.மீ. உள்ள கட்டி 63 கிலோ அளவில் இருக்கும். ஒரு கிலோ சுத்தியலுக்கு 50 கிலோ கல் தாராளம். கொம்பு இல்லையே என்று வருந்த வேண்டாம். வளைக்கும் வேலைக்குத் தடித்த குழாய்த் துண்டையோ உருட்டுக் கம்பியையோ வைஸில் பிடித்துக்கொண்டால் சரி. கொம்பின் வேலையை வேறு ஒன்று செய்துவிடும், எடையின் வேலையை எதுவும் செய்யாது.

கட்டியைப் புளியங்கட்டையிலோ வேப்பங்கட்டையிலோ அதன் அளவுக்குக் குடைந்து இறக்கிவிடுங்கள். ஆட்டம் இருக்கவே கூடாது.

உலை: கரியா, கேஸா?

கேஸ் உலைக்கு ஆதரவாகச் சொல்ல நிறைய இருக்கிறது. புகை குறைவு, சாம்பல் இல்லை, பத்த வைத்த சிறிது நேரத்தில் வேலை தொடங்கலாம். நாலைந்து துண்டுகளை ஒரே சீராகச் சூடாக்கலாம், இரும்பு எரிந்துபோகும் பயம் குறைவு. மொட்டை மாடி வீட்டுக்காரர்களுக்கு அக்கம்பக்கத்தாரை நினைத்தால் இதுவே வழி.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். வீட்டுச் சமையலுக்கான 14.2 கிலோ சிலிண்டரைச் சமையல் தவிர வேறு எதற்கும் பயன்படுத்த விதி இடம் தராது. 19 கிலோ வணிக சிலிண்டர்தான் எடுக்க வேண்டும். வீட்டு அடுப்பின் ரெகுலேட்டர் தரும் அழுத்தம் பர்னருக்குப் போதாது, அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் தனி ரெகுலேட்டர் வேண்டும். ஒரு சின்ன பர்னர் மணிக்கு அரை கிலோவிலிருந்து ஒரு கிலோ வரை குடிக்கும். உள்ளே ஒட்டும் செராமிக் கம்பளியின் நார் நுரையீரலுக்குக் கெடுதல், அதைக் கெட்டிப்படுத்தி மேலே பூச்சு பூசாமல் பத்த வைக்கவே கூடாது. மூடிய அறையில் எரித்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். எனக்குப் பெரிய குறையாகப் படுவது வேறு. கேஸ் உலையின் வாய் ஓர் அளவுதான். சுருள் வளைத்த கம்பியோ, அகலமான மண்வெட்டித் தகடோ உள்ளே போகாது. ஒரு கம்பியின் நடுவில் இரண்டு அங்குலத்தை மட்டும் பழுக்க வைக்கவும் முடியாது.

கரி உலையில் அந்தத் தொல்லை இல்லை. எங்கே வேண்டுமோ அங்கே காற்றைக் குவித்து அந்த இடத்தை மட்டும் பழுக்க வைக்கலாம். ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர்ப் பக்கமெல்லாம் சீமைக்கருவேலங்கரி மூட்டம் போட்டு எடுக்கிறார்கள். கனமான கரி, சூடு நின்று எரியும். தேங்காய்ச் சிரட்டைக்கரி இன்னும் காட்டமாக எரியும், ஆனால் துண்டுகள் சின்னவை, காற்று வேகத்தில் பறக்கும், பொறி தெறிக்கும். இரண்டையும் கலந்துகொள்ளலாம். கரியை எலுமிச்சை அளவுக்கு உடைத்துப் போடுங்கள். பெரிய துண்டுகளாகப் போட்டால் இடைவெளி வழியே காற்று சும்மா போய்விடும், இரும்பின் மேல் கருகிய செதில் ஏறும். காற்றைத் தேவைக்கு மேல் விடாமல் இருந்தால் மணிக்கு இரண்டு மூன்று கிலோ கரியில் வேலை ஓடும்.

கரி உலையிலேயே இரண்டு கட்சி உண்டு. லாரியின் பழைய பிரேக் டிரம்மில் கீழிருந்து காற்று விடுவது ஒன்று. மண் பூசிய பெட்டியில் பக்கவாட்டிலிருந்து காற்று விடுவது இன்னொன்று. டிரம் உறுதியானது, நிமிஷத்தில் உலையாகிவிடும், நிலக்கரிக்குப் பொருத்தமும்கூட. மரக்கரிக்கு அது அவ்வளவு சரிப்படாது. அகலம் அதிகம் என்பதால் தேவையில்லாத கரியும் சேர்ந்து எரியும். உயர்ந்த விளிம்பு நீளக் கம்பியைத் தடுக்கும். மண் உலை நம் ஊர்ப் பழைய வழி. மரப்பெட்டியோ தகரப்பெட்டியோ எடுத்து, களிமண்ணோ புற்றுமண்ணோ மணலும் உமியும் சேர்த்துப் பிசைந்து பூசி, நடுவில் இரண்டு கை சேர்ந்த அளவுக்குப் பள்ளம் விட்டு, பக்கத்தில் ஓர் இரும்புக் குழாயைச் செருகினால் ஆயிற்று. வெடித்தால் மறுபடி பூசிக்கொள்ளலாம். மரப்பெட்டி என்றால் மண் நாலு விரல் தடிமனுக்காவது இருக்க வேண்டும், நன்றாகக் காய்ந்தபின் தீ வைக்க வேண்டும்.

குழாய் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. தண்ணீர் லைனுக்குப் போடும் ஜி.ஐ. குழாயை நெருப்புக்குள் வைக்காதீர்கள். அதன் துத்தநாகப் பூச்சு 907 டிகிரியில் கொதித்தே ஆவியாகிவிடும். அந்தப் புகையைச் சுவாசித்தால் காய்ச்சலும் நடுக்கமும் வரும். கறுப்புக் குழாய் கேட்டு வாங்குங்கள்.

காற்றுக்கு என் ஓட்டு கையால் சுற்றும் ப்ளோயருக்கு. தோல் துருத்தி அருமையானது, செய்யத் தெரிந்தவர் கிடைப்பதுதான் அரிது. மின்சார ப்ளோயர், ஹேர் டிரையர் எல்லாம் வேலை செய்யும், ஆனால் நாம் கல்லில் அடித்துக்கொண்டிருக்கும்போதும் அவை ஊதிக்கொண்டே இருக்கும், கரி சாம்பலாகும். ப்ளோயரின் வாயில் ஒரு தகட்டை நகர்த்தி அடைக்கும்படி வைத்தால் ஓரளவு தப்பிக்கலாம். கை ப்ளோயரில் கையை எடுத்ததும் காற்று நிற்கும். புதிதாகக் கற்பவருக்கு இரும்பை எரித்துப் பாழாக்காமல் இருக்க இது பெரிய உதவி.

வைஸ்: இங்கே சிக்கனம் வேண்டாம்

கடையில் கிடைக்கும் சாதாரண பெஞ்ச் வைஸின் உடம்பு பெரும்பாலும் வார்ப்பிரும்பு. அரம் போட, ரம்பம் அறுக்க நல்லது. அதில் பழுத்த கம்பியைப் பிடித்து ஓங்கி அடித்தால் ஒருநாள் தாடை உடைந்து கையில் வரும். கொல்லு வேலைக்கு ஏற்றது தரை வரை நீண்ட கால் உள்ள வைஸ். அடித்து உருவாக்கியது, அடியின் வேகம் கால் வழியாகத் தரைக்கு இறங்கிவிடும். இதை வீட்டில் செய்யலாம் என்று வெல்டிங் மெஷினைத் தூக்குகிறவர்கள் உண்டு. சதுர மரையுள்ள அந்தத் திருகையும் அதன் பெட்டியையும் சரியாகச் செய்ய லேத் வேலை தெரிய வேண்டும், செலவும் பழையதன் விலையைத் தொட்டுவிடும். பழையதை வாங்கும்போது திருகைக் கடைசி வரை கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மரை நடுவில் கத்திமுனை மாதிரி தேய்ந்திருந்தால் வேண்டாம். ஸ்பிரிங் இல்லை, பெஞ்சில் மாட்டும் தகடு இல்லை என்றால் பரவாயில்லை, அவற்றை நாமே அடித்துக்கொள்ளலாம்.

குறடு வாங்குவதா, செய்வதா என்ற கேள்விக்கு இரண்டும் என்பதே பதில். முதலில் ஒன்றை வாங்குங்கள். அப்புறம் வருவதெல்லாம் நீங்களே அடித்ததாக இருக்கட்டும். தொடக்கத்தில் இரண்டடி நீளக் கம்பியில் வேலை செய்தால் குறடே தேவைப்படாது. 12 மி.மீ. சாதா எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) கம்பி இதற்குத் தோது. கட்டிட வேலையில் மிஞ்சும் டி.எம்.டி. கம்பி சும்மா கிடைக்கிறதே என்று எடுப்பார்கள். அதன் மேல்தோல் மட்டும் கடினமாக்கப்பட்டது, ஒருமுறை பழுத்தால் அந்தக் கடினம் போய்விடும், கத்திக்கு வேண்டிய கார்பனும் அதில் இல்லை. கத்திக்கு வண்டியின் ஸ்பிரிங் பட்டைதான். காந்தம் ஒட்டாத சூடு வந்து, அதற்கு மேலும் கொஞ்சம் பழுத்ததும் கடலை எண்ணெயில் இறக்குங்கள். என்ஜின் ஆயில் வேண்டாம், அதன் புகை கெட்டது.

காயலான் கடையில் மலிவாகக் கிடைக்கும் ஷாக் அப்சார்பர், இரண்டு முனையும் மூடிய குழாய் போன்றவற்றை எந்தக் காரணம் கொண்டும் உலையில் வைக்காதீர்கள். உள்ளே அடைபட்ட எண்ணெயும் காற்றும் சூடேறினால் வெடிக்கும். அறுத்துத் திறந்து, உள்ளே ஒன்றுமில்லை என்று பார்த்த பிறகே அது இரும்பு.