ஸ்ப்ளிட் ஸ்க்ரீன் மக்கர் செய்தால்: ஐபேடா, சாம்சங்கா, சாதா ஆண்ட்ராய்டா?

இரண்டு ஆப்களை அருகருகே வைத்து வேலை பார்க்கலாம் என்று எல்லா டேப்லெட்டும்தான் சொல்கிறது. அது முடியாமல் போகிற அன்றைக்குத்தான் ஒன்றுக்கொன்று எவ்வளவு தூரம் என்பது தெரியும்.

எனக்குத் தெரிந்தது ஒரு பழைய ஆண்ட்ராய்டு டேப்லெட்டில். இடது பாதியில் வீடியோ பாடம், வலது பாதியில் குறிப்பேடு. பேனாவைக் குறிப்பேட்டில் வைத்ததும் வீடியோ நின்றுவிட்டது. வீடியோவைத் தட்டினால் ஓடும். எழுதப் போனால் மறுபடி நிற்கும். அரை மணி நேரம் டேப்லெட்டைத் திட்டித் தீர்த்தபிறகுதான் விஷயம் புரிந்தது. ஆண்ட்ராய்டில் திரையைப் பிரிக்கும் வசதி 2016இல், 7ஆம் பதிப்போடு வந்தது. அப்போதைய ஏற்பாட்டில், இரண்டு ஆப்கள் கண்ணுக்குத் தெரிந்தாலும் கடைசியாகத் தொட்டது மட்டும்தான் முழு விழிப்பில் இருக்கும். மற்றது ‘பாஸ்’ (pause), அதாவது இடைநிறுத்த நிலைக்குப் போய்விடும். பாஸ் ஆனதும் வீடியோவை நிறுத்து என்று ஆப்பை எழுதியவர் எழுதிவைத்திருந்தால், அது நிற்கத்தான் செய்யும். 2019இல் வந்த ஆண்ட்ராய்டு 10 முதல் இரண்டு பாதியும் விழித்திருக்கும். என் டேப்லெட்டுக்கு அந்த அப்டேட் வரவில்லை. அதே பாடத்தை ப்ரவுசரில் திறந்தேன், ஓடியது. அவ்வளவுதான் வைத்தியம்.

அதிலிருந்து, ஸ்ப்ளிட் ஸ்க்ரீன் வேலை செய்யவில்லை என்று யாராவது சொன்னால் நான் முதலில் கேட்பது ‘மறுப்பது யார்?’ என்பதைத்தான். டேப்லெட்டா, செட்டிங்ஸா, ஆப்பா? இதற்குப் பதில் கண்டுபிடிக்க எந்தச் சாதனம் விடுகிறது, கண்டுபிடித்தபிறகு எது நம் கையில் சாவி கொடுக்கிறது என்பதை வைத்துத்தான் இந்த ஒப்பீடு.

முதலில் சாதா ஆண்ட்ராய்டு. அண்மையில் திறந்த ஆப்கள் அட்டைகளாகத் தெரியும் ரீசன்ட்ஸ் திரையைத் திறந்து, ஆப் அட்டையின் தலையில் இருக்கும் ஐகானைத் தட்டினால் ‘ஸ்ப்ளிட்’ என்று ஒரு வரி வர வேண்டும். பலர் அட்டையையே தட்டிவிட்டு, வரவில்லை என்பார்கள். தட்ட வேண்டியது அந்தக் குட்டி ஐகானை. 2022இல் வந்த 12எல் பதிப்புக்குப் பிறகு டேப்லெட்டுகளில் கீழே டாஸ்க்பார் உண்டு. அதிலிருக்கும் ஐகானை அழுத்திப் பிடித்துத் திரையின் ஓரத்துக்கு இழுத்தாலும் பிரியும். எந்த ஆப்புக்குமே அந்த வரி வரவில்லையா? உங்களிடம் இருப்பது ஆண்ட்ராய்டு கோ பதிப்பா என்று பாருங்கள். ரேம் குறைந்த சாதனங்களுக்கான அந்தப் பதிப்பில் இந்த வசதியே அணைக்கப்பட்டிருக்கும். அங்கே ரீஸ்டார்ட், ரீசெட் என்று எதைச் செய்தாலும் வீண்.

ஒரே ஒரு ஆப் மட்டும் மறுத்தால் கதை வேறு. தன் அளவை மாற்றக் கூடாது என்று அந்த ஆப்பே அறிவித்திருக்கலாம். ஆண்ட்ராய்டு 12க்குப் பிறகு பெரிய திரைகளில் அந்த அறிவிப்பை மீறியே பிரிக்க விடுகிறது. பழைய பதிப்பில் இருப்பவர்கள் செட்டிங்ஸில் இருக்கும் பில்ட் நம்பரை ஏழு முறை தட்டி, டெவலப்பர் ஆப்ஷன்ஸ் என்ற ஒளிந்திருக்கும் பக்கத்தைத் திறந்து, எல்லா ஆப்பையும் வலுக்கட்டாயமாக அளவு மாற்ற வைக்கும் ஸ்விட்சைப் போட்டு, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்யலாம். சாவி இருக்கிறது, ஆனால் பரணில் இருக்கிறது. போட்டபிறகு ஆப் பாதித் திரையில் கோணல்மாணலாகத் தெரிந்தால் அதற்கு யாரும் பொறுப்பில்லை.

சாம்சங் அதே ஆண்ட்ராய்டுதான் என்றாலும் இந்த விஷயத்தில் தனி வீடு. செட்டிங்ஸில் மேம்பட்ட அம்சங்களுக்குள் ‘மல்டி விண்டோ’ என்று ஒரு பக்கமே இருக்கிறது. இரண்டு விரலால் கீழிருந்து மேலே தள்ளினால் திரை பிரிவது, மூலையிலிருந்து குறுக்காக இழுத்தால் மிதக்கும் சன்னலாக மாறுவது எல்லாம் அங்கே ஸ்விட்சுகளாக இருக்கும். சைகை வேலை செய்யவில்லை என்ற புகாருக்கு அந்த ஸ்விட்ச் அணைந்திருப்பதே காரணமாக இருக்கலாம். அடம்பிடிக்கும் ஆப்களுக்கு, சாம்சங்கின் கூடுதல் வசதிகளுக்கான குட் லாக் ஆப்பில் மல்டிஸ்டார் என்ற துணை ஆப் உண்டு. டெவலப்பர் ஆப்ஷன்ஸ் பக்கமே போகாமல், எல்லா ஆப்பையும் பிரிக்க அனுமதிக்கலாம். மூன்று ஆப்களைக்கூட ஒரே திரையில் அடுக்கலாம்; படிக்க முடிகிறதா என்பது உங்கள் கண்ணைப் பொறுத்தது. சாவியைக் கையில் கொடுப்பதில் சாம்சங்குக்குத்தான் என் ஓட்டு.

சரி, ஐபேட். இங்கே குழப்பத்துக்குக் காரணம் வரலாறு. 2015இல் ஐஓஎஸ் 9 காலத்தில் ஓரத்திலிருந்து இழுப்பது, 2017இல் டாக் எனும் கீழ் ஐகான் வரிசையிலிருந்து இழுப்பது, 2021இல் மேலே மூன்று புள்ளி, 2022இல் சன்னல்களைக் குழுவாக அடுக்கும் ஸ்டேஜ் மேனேஜர். கடைசியாக, 2025இல் வந்த ஐபேட்ஓஎஸ் 26, திரையை இரண்டாகப் பிரிக்கும் பழைய ஸ்ப்ளிட் வியூவையே எடுத்துவிட்டுக் கணினி போல சன்னல்களைக் கொண்டுவந்தது. ‘அப்டேட் போட்டேன், மூன்று புள்ளியைக் காணோம்’ என்பவர்களுக்குப் பதில் இதுதான். செட்டிங்ஸில் மல்ட்டிடாஸ்கிங் பக்கத்தில் இப்போது மூன்று தேர்வுகள்: முழுத்திரை, சன்னல்கள், ஸ்டேஜ் மேனேஜர். முழுத்திரையைத் தேர்ந்திருந்தால் என்ன செய்தாலும் பிரியாது. சன்னல்களுக்கு மாற்றிவிட்டு, ஒரு சன்னலின் தலையைப் பிடித்து இடது ஓரத்துக்கு வீசுங்கள், பாதியில் போய் ஒட்டிக்கொள்ளும். அடுத்ததை வலப்பக்கம் வீசினால் பழைய ஸ்ப்ளிட் வியூ திரும்பிவிட்டது போல இருக்கும்; நடுக்கோட்டை இழுத்து அளவும் மாற்றலாம். 26 வரை வராத பழைய ஐபேடில், முழுத்திரைதான் வேண்டும் என்று ஆப் அறிவித்திருந்தால் கதை முடிந்தது. வலுக்கட்டாயப்படுத்த அங்கே ஒளித்துவைத்த ஸ்விட்ச்கூடக் கிடையாது.

இதை மட்டும் வைத்து ஐபேடைக் கழித்துவிடாதீர்கள். பிரிந்தபிறகு நடப்பதில் அது முந்துகிறது. ஆண்ட்ராய்டில் நடுக்கோட்டை இழுத்து அளவை மாற்றினாலே, திரையைத் திருப்பியதற்குச் சமம். ஆப்பை எழுதியவர் அதற்கு ஏற்பாடு செய்யாவிட்டால், சிஸ்டம் அந்தத் திரையை அழித்து மறுபடி முதலிலிருந்து கட்டும். பாதி நிரப்பிய படிவம் காலியாகி முழிப்பது இதனால்தான். (பன்னிரண்டு கட்டங்கள் நிரப்பிவிட்டுக் கோட்டைக் கொஞ்சம் நகர்த்தியவன் சொல்கிறேன்.) ஐபேடில் அளவு மாறும்போது ஆப்பை அழித்துக் கட்டுவதில்லை, உள்ளே இருப்பவற்றைத் தள்ளி அடுக்குகிறது. ஆனால் ரேம் தீர்ந்துபோனால் இரண்டுமே பின்னால் இருக்கும் ஆப்பைக் கொன்றுவிடும், அதில் பேதமில்லை.

ஐபேடுக்கு ஒரு தனிக் குறை இருந்தது: வீடியோ காலில் இருக்கும்போது திரையைப் பிரித்தால் கேமரா நின்றுவிடும், எதிர்முனையில் உங்கள் முகம் இருக்காது. ஐபேட்ஓஎஸ் 16 முதல் ஆப்கள் இதைச் சரிசெய்துகொள்ள வழி திறந்துவிட்டார்கள். இன்னமும் முகம் மறைகிறது என்றால், குற்றம் அந்த ஆப்பை அப்டேட் செய்யாதவர்களுடையதாக இருக்கலாம்.

விண்டோஸ் டேப்லெட் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்ல அதிகமில்லை. செட்டிங்ஸில் சிஸ்டம், மல்ட்டிடாஸ்கிங், அங்கே சன்னலை ஓரத்தில் ஒட்டவைக்கும் ‘ஸ்னாப்’ ஆன் ஆக இருக்கிறதா என்று பாருங்கள். சில புரோகிராம்கள் ஒரு அளவுக்குக் கீழே சுருங்காது. சின்னத் திரையில் அவை பாதிக்குள் அடங்காமல் பக்கத்துச் சன்னலின் மேல் ஏறி உட்காரும்.

இப்போது என் மேசையில் இருப்பது சாம்சங். எழுத்து வேலைக்கு மட்டும் வீட்டில் இருக்கும் ஐபேடைக் கடன் வாங்குகிறேன், படிவங்களையும் அதில்தான் நிரப்புகிறேன். அப்புறம், எந்த டேப்லெட்டாக இருந்தாலும் நெட்டுவாக்கில் பிடித்துக்கொண்டு மேலே ஒன்று கீழே ஒன்று என்று பிரித்துவிட்டு, டைப் செய்ய முடியவில்லை என்று புலம்பாதீர்கள். கீபோர்டு எழும்பியதும் கீழ்ப்பாதியை விழுங்கிவிடும். டேப்லெட்டைக் கிடைமட்டமாகத் திருப்புங்கள்.