குவாட் பைக்கை லேத் பட்டறையில் விடுமுன் இதைப் படித்துவிடுங்கள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் ஓட்டிக்கொண்டிருந்த வண்டியின் பின்சக்கரம் என்னையே ஓவர்டேக் செய்தது. தோப்புச் சரிவில் இறங்கிக்கொண்டிருந்தேன். இடது பக்கமாகக் கருப்பாக ஏதோ உருண்டு முன்னால் போனது. நாயா, பன்றியா என்று பார்ப்பதற்குள் வண்டி இடப்பக்கம் உட்கார்ந்து, அச்சு மண்ணைக் குத்த, நான் ஹேண்டில்பாரைத் தாண்டிப் பாத்திக்குள் கிடந்தேன். சக்கரம் தன் பாட்டுக்கு வாய்க்கால் வரை போய்த்தான் விழுந்தது. எனக்கு வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு, மாவுக்கட்டு. இதை இடது கையால் தட்டிக்கொண்டிருக்கிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய குவாட் பைக் (நாலு சக்கர பைக்) வாங்கி, "கொஞ்சம் ஆல்டர் பண்ணினால் சூப்பராக இருக்கும்" என்று நினைப்பவர்கள் யாராவது இருந்தால் அவர்களுக்குத்தான் இந்தப் பதிவு. பட்டறையின் பெயரைப் போடப் போவதில்லை. கோயம்புத்தூரில் அப்படி ஒன்று மட்டும் இருந்தால் போட்டிருப்பேன்.

ஆனைமலைப் பக்கம் எங்களுக்குத் தென்னந்தோப்பு. உர மூட்டை ஏற்ற, மோட்டார் ரூமுக்குப் போய்வர ஒரு நாலு சக்கர பைக் இருந்தால் நல்லது என்று வீட்டில் சொல்லிவைத்தேன். உண்மை என்னவென்றால் ஆசை. ஒரு ரிசார்ட்டில் விளையாட்டுக்கு ஓட்டிய 250 சிசி சைனா வண்டி, ரிசார்ட்டை மூடியதும் புரோக்கர் கைக்கு வந்து, அங்கிருந்து என்னிடம் வந்தது. 1,35,000 ரூபாய்.

"ஆர்.சி. இருக்குங்களா?" என்று கேட்டேன். "இது டிராக்டர் மாதிரிங்ணா, ஆர்.சி. எல்லாம் வேண்டாம்" என்றார் புரோக்கர். முதல் பொய் இதுதான். டிராக்டருக்கும் ஆர்.சி. வேண்டும். போலாரிஸ் கம்பெனி 2020-ல் ஸ்போர்ட்ஸ்மேன் 570 என்ற மாடலை டிராக்டர் வகையில் முறையாக அனுமதி வாங்கி இங்கே விற்றது. அந்த ஒரு வண்டியின் கதையை எல்லாப் புரோக்கர்களும் எல்லா வண்டிக்கும் சொல்கிறார்கள். பதிவு இல்லாத வண்டியைச் சொந்த நிலத்துக்குள் ஓட்டலாம். தோப்பிலிருந்து டீக்கடைக்குப் போக ரோட்டைத் தொட்டால் நம்பர் இல்லை, இன்ஷூரன்ஸ் இல்லை, யாரையாவது இடித்தால் நம் சொத்துதான் பதில் சொல்லும்.

அந்த வண்டியில் உருப்படி என்று சொல்லும்படி இருந்தது ஒன்றே ஒன்று. முந்தைய ஓனர் யாரோ விவரம் தெரிந்தவர், ஒரிஜினல் மிக்குனி கார்புரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்பும் பாகம், ஜப்பான் கம்பெனியுடையது) போட்டிருந்தார். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

பட்டறைத் தம்பிக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். நல்ல சிரித்த முகம், போனில் வரிசையாக வீடியோக்கள். நான் எதைக் கேட்டாலும் "பண்ணிப்போடலாம்ங்ணா" என்றான். வண்டி அகலமாகத் தெரிய வேண்டும், பண்ணிப்போடலாம். இரண்டு இன்ச் உயரம், பண்ணிப்போடலாம். சவுண்டு, அதுவும் பண்ணிப்போடலாம். ஒரு தடவைகூட "அது சரி வராதுங்க" என்ற வார்த்தை அவன் வாயில் வரவில்லை. அன்றைக்கே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஆனால் நானும் புகழ்ச்சியில் மயங்கிக் கிடந்தேன். "உங்க ஹைட்டுக்கு வண்டி தூக்குனாத்தாங்ணா எடுப்பா இருக்கும்" என்றான். என் உயரம் ஐந்தடி நாலு.

அட்வான்ஸ் 25,000. ஜீபேயில் அவன் தம்பி நம்பருக்கு. பில் கேட்டதற்கு, "நமக்குள்ள எதுக்குங்ணா".

இரண்டு வாரம் என்றது ஏழு வாரம் ஆனது. நடுவில் ஒருநாள் போன், "சிடிஐ போயிருச்சுங்ணா, 2,800 போட்டுவிடுங்க." சிடிஐ என்பது பிளக்கில் பொறி வரவைக்கும் எலக்ட்ரானிக் பெட்டி. தானாகப் போனதா, போகவைத்தார்களா என்பது பின்னால்தான் தெரிந்தது. பேட்டரி வயரைக் கழற்றாமல், சிடிஐ சாக்கெட்டைப் பிடுங்காமல், சேசிஸில் அப்படியே ஆர்க் வெல்டிங் வைத்திருக்கிறார்கள். எலக்ட்ரானிக்ஸ் இருக்கிற எந்த வண்டியிலும் வெல்டிங் வைக்கும் முன் பேட்டரியைக் கழற்ற வேண்டும் என்பது அரிச்சுவடி. அவன் தப்புக்கு நான் காசு கட்டினேன்.

வண்டி வந்தது. பார்க்க நன்றாகத்தான் இருந்தது, அதை மறைக்கவில்லை. மச்சான் மகன் ரீல்ஸ்கூடப் போட்டான். ஓட்டினால் பந்து மாதிரி எகிறியது. சஸ்பென்ஷன் என்று நினைத்துத் திரும்பத் திரும்பப் பட்டறைக்குப் போன் செய்தேன். கோளாறு டயர்க் காற்றில் இருந்தது. குவாட் டயரில் காற்று வெறும் நான்கைந்து பி.எஸ்.ஐ. தான் இருக்க வேண்டும். கையால் அழுத்தினால் அமுங்க வேண்டும். அந்த அமுங்கல்தான் பாதி சஸ்பென்ஷன். பஞ்சர் கடையில் வழக்கம்போல 28 அடித்து அனுப்பியிருந்தார்கள். சாதாரண கேஜ் அவ்வளவு குறைந்த அளவைச் சரியாகக் காட்டாது, பதினைந்துக்குள் அளக்கும் தனி கேஜ் வாங்கிக்கொள்ளுங்கள். இதில் பட்டறைத் தம்பியைக் குறை சொல்ல முடியாது, டயரிலேயே எழுதியிருக்கிறது, நான்தான் படிக்கவில்லை.

மூன்றாவது வாரம் இன்ஜின் சூடு தாங்கவில்லை. ஆக்ஸிலேட்டரை விட்டால் சைலன்சரில் பட்டாசு. அந்தப் பட்டாசுச் சத்தத்தை நானே பெருமையாக நினைத்துக்கொண்டிருந்தேன் என்பது தனிக் கேவலம். பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். காப்பிக் கலரில் இருக்க வேண்டிய பீங்கான், சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை வெளேரென்று. பட்டறையில் செய்த மாதிரி ஏர்பாக்ஸை (ஏர் ஃபில்ட்டர் இருக்கும் பெட்டி) தூக்கி எறிந்து, பெட்டியில்லாத பாட் ஃபில்ட்டர் போட்டு, ஃப்ரீஃப்ளோ சைலன்சரும் மாட்டினால் காற்று அதிகம் போகும். அதற்கேற்ப கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரும் சின்ன ஓட்டையான ஜெட்டை மாற்றிப் பெட்ரோலைக் கூட்ட வேண்டும். கூட்டாவிட்டால் கலவை மெலிந்து இன்ஜின் வெந்துவிடும். அத்தோடு எங்கள் தோப்பில் காற்றடித்தால் பறக்கும் செம்மண் இருக்கிறதே, பழைய ஃபில்ட்டரில் எண்ணெய் போட்ட பஞ்சு அதைப் பிடித்து வைத்திருந்தது. புது ஃபில்ட்டர் பார்க்கத்தான் கோழிமுட்டை மாதிரி பளபளப்பு, உள்ளே வெறும் வலை. இரண்டும் சேர்ந்து பிஸ்டனில் கீறல் விழுந்து புகை தள்ள ஆரம்பித்தது.

மறுபடி பட்டறை. "போர் பண்ணி ரிங் மாத்திரலாம்ங்ணா." அதாவது சிலிண்டரைக் கடைந்து சரிசெய்வது. 11,000. ஆயில்கூட அவனே ஊற்றிக் கொடுத்தான். வீட்டுக்கு வந்து கியரைப் போட்டால் இன்ஜின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. கார் ஆயில் ஊற்றியிருந்தான். பைக் மாதிரியேதான் இந்த வண்டிக்கும், கிளச் ஆயிலுக்குள் முங்கிக் கிடக்கிறது. கார் ஆயிலில் வழுக்கலுக்கென்றே சேர்க்கும் சரக்கு கிளச் பிளேட்டைப் பிடிக்க விடாது. டப்பாவில் ஜாஸோ எம்.ஏ. (இந்த மாதிரி கிளச்சுக்கு ஏற்ற ஆயில் என்ற முத்திரை) என்று போட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். ஆயிலை மாற்றியதும் கிளச் பிடித்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமைதான் சக்கரம் கழன்றது.

விழுந்த பிறகு செட்டிப்பாளையம் டிராக்கில் ஒரு காலத்தில் ரேஸ் பைக்குகளுக்கு வேலை பார்த்த ஒரு பெரியவரிடம் மச்சான் வண்டியைக் கொண்டுபோனான். நானும் கட்டோடு போனேன். அவர் என்னை உட்காரச் சொல்லிவிட்டு முதலில் கேட்டது, "கழன்ற சக்கரத்தோட ஸ்டட் எங்கே?" சக்கரத்தைப் பிடித்துவைக்கும் மரை போட்ட கம்பிதான் ஸ்டட். வாய்க்காலில் தேடி எடுத்த இரண்டு துண்டுகளைக் கொடுத்தேன். துணியால் துடைத்து வெளிச்சத்தில் காட்டினார். உடைந்த முகத்தில் முக்கால்வாசி பழுப்பு, துரு ஏறியிருந்தது. ஓரத்தில் பிறைநிலா அளவுக்கு மட்டும் பளபளவென்று வெள்ளை.

"இந்த வெள்ளைதான் தம்பி ஞாயித்துக்கிழமை உடைஞ்சது. மிச்சமெல்லாம் முன்னாடியே உடைஞ்சாச்சு. நீங்க வெறும் பிறைநிலா மேல உக்காந்து ஓட்டிட்டு இருந்திருக்கீங்க."

வண்டியை அகலமாக்க, சக்கரத்தை வெளியே தள்ளி நிறுத்தப் பட்டறைத் தம்பி நடுவில் போட்ட ஸ்பேசர் வெறும் இரும்பு ரவுண்டை லேத்தில் ஒன்றரை இன்ச் கனத்துக்கு வெட்டி நாலு ஓட்டை போட்டது. ஓட்டைகள் ஒழுங்காக மையத்தில்கூட இல்லை. முறையான ஸ்பேசர் என்றால் அது சக்கரம் மாட்டும் ஹப்பில் தனியாக முடுக்கப்பட்டு, அதற்கென்று சொந்த ஸ்டட் இருக்கும். இவன் ஹப்பில் இருந்த ஸ்டட்டைத் தட்டி எடுத்துவிட்டு, ஹார்டுவேர் கடை மரை ராடை அறுத்து நீளமாகச் சொருகியிருக்கிறான். "இது போல்ட் இல்ல, பந்தலுக்கு முடுக்கற ராடு" என்றார் பெரியவர். பலமான போல்ட்டின் தலையில் 8.8 அல்லது 10.9 என்று பொறித்திருக்கும். இந்த ராடுக்குத் தலையே இல்லை. சக்கரத்தின் துளை சரிவாகக் கடையப்பட்டது, கூம்பு நட் உட்கார்ந்தால்தான் சக்கரம் நடுவில் நிற்கும். போட்டிருந்தது தட்டை நட்டும் ஒரு வாசரும். ஒவ்வொரு சுற்றுக்கும் சக்கரம் துளி ஆடும், ஆடி ஆடி ராடு களைத்துவிடும். இரண்டு வாரமாகப் பின்னால் "டிக் டிக்" என்று ஒரு சத்தம் கேட்டது. செயின் என்று நினைத்துக் கிரீஸ் போட்டுக்கொண்டிருந்தேன்.

உயரத்தைப் பற்றியும் அவர் சொன்னார். இந்த மாதிரி செயின் வண்டியில் பின் அச்சு ஒரே தண்டு. இரண்டு சக்கரமும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். கார் மாதிரி வளையாது, திருப்பும்போது ஒரு பக்கம் சறுக்கியாக வேண்டும். அதை உயரமாக்கினால் சறுக்குவதற்குப் பதில் கவிழும். ஆஸ்திரேலியாவில் பண்ணைக் குவாட்கள் கவிழ்ந்து விவசாயிகள் செத்து, கடைசியில் 2021 அக்டோபரிலிருந்து அங்கே விற்கும் புதிய பண்ணை வண்டிகளுக்கு ஓட்டுபவரை நசுங்காமல் காக்கும் கம்பி கட்டாயம். பக்கவாட்டில் 28.8 டிகிரி சாய்க்கும் வரை வண்டி கவிழத் தொடங்கக் கூடாது என்றும் விதி. கம்பெனிக்காரனே டிகிரிக்கு டிகிரி கணக்குப் போடும் வண்டியை நான் எடுப்பாக இருக்க வேண்டும் என்று இரண்டு இன்ச் தூக்கினேன்.

இனி கார்புரேட்டர். பெரியவர் டேங்கைத் தூக்கிவிட்டு, "மிக்குனின்னு சொன்னீங்களே?" என்றார். எட்டிப் பார்த்தேன். வார்ப்பில் பொறித்திருந்த எழுத்து பிசுபிசுவென்று, அழித்து எழுதிய சிலேட்டு மாதிரி. ஒரிஜினலில் அந்தச் சின்னம் கூர்மையாக இருக்கும். உள்ளே ஜெட்டில் நம்பரே இல்லை, டிரில் பிட்டால் பெரிதாக்கிய ஓட்டை. போர் வேலைக்கு விட்டபோதோ அதற்கு முன்போ, என் கார்புரேட்டர் கழன்று வேறு யாருடைய வண்டிக்கோ போய்விட்டது. கேவலம் என்னவென்றால் அதை நிரூபிக்க என்னிடம் ஒரு போட்டோ இல்லை. ரீல்ஸுக்கு வண்டியை முப்பது கோணத்தில் எடுத்திருக்கிறோம், கார்புரேட்டர் ஒன்றிலும் விழவில்லை. வண்டியை விடும் முன் டேங்குக்குக் கீழே போனை நீட்டி ஒரு வீடியோ எடுங்கள். கார்ப், சிடிஐ, ஷாக், பேட்டரி எல்லாவற்றிலும் நெயில் பாலிஷால் ஒரு புள்ளி வையுங்கள். கழற்றிய பழைய சாமானைக் கேட்டு வாங்குங்கள். என் ஏர்பாக்ஸ், பழைய ஸ்டட், கூம்பு நட் எதுவும் திரும்பி வரவில்லை. நட்டாவது இருந்திருந்தால் பழையபடி மாட்டியிருக்கலாம்.

போன் செய்தேன். "ஓவர் ஸ்பீடுல போனா எந்த வண்டியும் கழலும்ங்ணா" என்றான். இருபதில் போனேன். அப்புறம் வாட்ஸப்பில் நீல டிக் மட்டும். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் கூப்பிட்டேன், மரியாதையாகப் பேசிப் புகாரைப் பதிந்துகொண்டார்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் நண்பர் கேட்ட முதல் கேள்வி, பில் எங்கே. என்னிடம் இருப்பது அவன் தம்பி பெயருக்குப் போன ஐந்து ஜீபே ஸ்கிரீன்ஷாட். ஒன்றில் குறிப்பு என்ற இடத்தில் நான் போட்டிருந்தது ஒரு தீ எமோஜி.

அந்தப் புகார் எண்ணை அவனுக்கு அனுப்பிய மூன்றாம் நாள் போன் வந்தது. "எதுக்குங்ணா கம்ப்ளெயிண்ட் எல்லாம், உங்க கார்ப்பை நம்ம பையன் தெரியாம மாத்தி மாட்டிட்டான், அனுப்பி வைக்கறேன்." நேற்றுப் பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் பார்சல் வந்தது. செய்தித்தாள் சுற்றி, கயிறு கட்டி. ஒரு கையால் பிரிக்க முடியாமல் மச்சான் பிரித்தான். ஒரிஜினல் மிக்குனிதான், எழுத்து கூர்மையாக இருக்கிறது. அடியில் யாரோ சிவப்பு நெயில் பாலிஷால் அழகாக ஒரு புள்ளி வைத்திருக்கிறார்கள்.

நான் வைத்ததில்லை.