மலை ஒட்டுண்ணி ஈயைப் படம் வைத்து அடையாளம் காண்பது: ஐந்து கோடை அனுபவம்

சுவிஸில் அந்தர்மாட்டுக்கு மேலே உள்ள புல்வெளிகளில் (ஊரே சுமார் 1,440 மீட்டர் உயரம்) ஐந்து கோடையாக ஈக்களைப் படம் எடுக்கிறேன். கையில் ஒலிம்பஸ் டிஜி-6 கேமரா, போனில் படத்தைப் போட்டால் பெயர் சொல்லும் ஒரு செயலி, அவ்வளவுதான்.

நான் தேடுவது டாக்கினிட் குடும்பத்து ஈக்கள். இவற்றின் புழு வேறு பூச்சிகளின் உடம்புக்குள், பெரும்பாலும் கம்பளிப்பூச்சிக்குள், வளர்ந்து கடைசியில் அதைக் கொன்றுவிடும். பட்டுப்புழு வளர்ப்பவர்கள் திட்டும் ஊசி ஈயும் இதே குடும்பம்தான். உலகில் பெயர் வைக்கப்பட்டவையே 8,500 இனங்களுக்கு மேல், அதனால் ஒரு படத்தில் பெயர் கிடைத்துவிடும் என்று நினைக்காதீர்கள்.

முதல் கோடையில் எடுத்த எல்லாமே மேலிருந்து எடுத்தவை. ஆரஞ்சு வயிறு, நடுவில் கறுப்புக் கோடு, முதுகெல்லாம் முள் மாதிரி மயிர், பார்க்க அவ்வளவு அழகு. செயலி ஒவ்வொரு முறையும் டாக்கினா ஃபெரா என்ற ஒரே இனத்தின் பெயரைச் சொன்னது, நானும் நம்பிவிட்டேன். பிறகு ஈக்களைப் பற்றி நன்றாகத் தெரிந்த ஒருவர் என் படங்களைப் பார்த்துவிட்டு ஒரே கேள்விதான் கேட்டார்: கால் தெரிகிற படம் இருக்கிறதா? ஒன்றுகூட இல்லை. டாக்கினா ஃபெராவுக்குக் கால் பெரும்பாலும் மஞ்சளாக இருக்கும், கால் கறுப்பாக இருந்தால் நோவிக்கியா ஃபெராக்ஸ் போன்றவற்றைப் பார்க்க வேண்டும், மேலிருந்து பார்த்தால் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மஞ்சள் கால் தெரிந்தாலும் வேலை முடிந்துவிடாது, டாக்கினா மேக்னிகார்னிஸ் என்று அச்சு அசலாக இன்னொன்று இருக்கிறது.

அன்றிலிருந்து ஒரு ஈக்கு நான்கு படமாவது எடுக்கிறேன். முக்கியமானது பக்கவாட்டுப் படம். நெஞ்சின் பின் முனையில் கேடயம் மாதிரி ஒரு தட்டு உண்டு, அதற்குக் கீழே இன்னொரு புடைப்பு தெரிந்தால் அநேகமாக டாக்கினிட்தான், பார்க்க ஒரே மாதிரி இருக்கும் வீட்டு ஈக்கும் நீல ஈக்கும் அந்தப் புடைப்பு கிடையாது. அப்புறம் கால், முகம், கடைசியாக இறக்கை நரம்பு.

கேமராவைப் பற்றிச் சொன்னால், லென்ஸிலிருந்து 1 செ.மீ. தூரம் வரை நெருங்கி எடுக்கலாம் என்பதுதான் இதை நான் இன்னும் மாற்றாததற்குக் காரணம். ஆனால் வெயில் ஏறிய பிறகு எந்த ஈ அவ்வளவு பக்கத்தில் விடும்? காலையில் குளிர் விடுவதற்கு முன் போங்கள், பூங்கொத்தின் மேல் அசையாமல் உட்கார்ந்திருக்கும், பல படங்களை ஒன்றாக்கித் தெளிவாக்கும் வசதியும் அப்போதுதான் சரியாக வேலை செய்யும்.

செயலியை இப்போதும் வைத்திருக்கிறேன், குடும்பம் வரை சொல்வதை நம்பலாம், இனப் பெயரை மட்டும் கால் பார்க்காமல் ஏற்பதில்லை. முதல் கோடைப் படங்களை எல்லாம் டாக்கினிட் என்று மட்டும் மாற்றி எழுதிவிட்டேன், அவற்றுக்கு அதற்கு மேல் பெயர் சொல்ல வழியில்லை.