கண்ணாடியில் எண்ணா, மைக்ரோடாட் புள்ளிகளா? கார் திருட்டுக்கு எதிராக எதைப் பொறிப்பது

கிருஷ்ணகிரியில் சென்னை, பெங்களூரு, சேலம், திருவண்ணாமலை என்று நாலு பக்கமும் பெரிய ரோடு. ராத்திரி இரண்டு மணிக்கு வாசலிலிருந்து கிளம்பும் கார், நாம் பால் வாங்க எழுந்திருப்பதற்குள் ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் போய்விடும். அப்புறம் நம்பர் பிளேட் மாறும், இல்லையென்றால் வண்டியே பார்ட் பார்ட்டாகப் பிரியும்.

பூட்டு, ஜி.பி.எஸ். பற்றி இங்கே பேசவில்லை. வண்டியில் அடையாளம் பொறிக்கும் வழிகளை மட்டும் பார்க்கலாம். பொறித்த எண் வண்டியைப் பிடித்து நிறுத்தாதுதான். ஆனால் திருடியதை விற்கப் போகும் இடத்தில் காட்டிக்கொடுக்கும். எது நன்றாகக் காட்டிக்கொடுக்கும் என்பதே கேள்வி.

உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் 2019 ஏப்ரல் 1 முதல் புது வண்டிகளுக்குக் கட்டாயம். லேசர் எண், அசோகச் சக்கர ஹாலோகிராம், உடைத்தால்தான் கழலும் பூட்டு எல்லாம் அதில் உண்டு. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கதவும் பம்பரும் தனியாக விலைபோகும்போது பிளேட்டுக்கு அங்கே வேலையே இல்லை.

மைக்ரோடாட் வேறு ரகம். கடுகைவிடச் சிறிய புள்ளிகளில், கம்பெனி வண்டியில் குத்தும் சேசிஸ் எண்ணை அச்சிட்டு, பசையோடு கலந்து, வண்டி முழுக்க ஆயிரக்கணக்கில் தெளிப்பார்கள். புற ஊதா விளக்கில் பசை ஒளிரும், எண்ணைப் படிக்க லென்ஸ் வேண்டும். எல்லாப் புள்ளிகளையும் சுரண்டி எடுப்பது நடக்காத காரியம். தென்னாப்பிரிக்காவில் புது வண்டிகளுக்கு 2012-லேயே இதைக் கட்டாயமாக்கினார்கள். இந்தியாவில் 2019-ல் வரைவு விதி வந்தது. நீதிமன்றத்தில் பாகம் யாருடையது என்று நிரூபிக்க இதைவிடச் சிறந்தது இல்லை. ஆனால் இருட்டில் வரும் திருடன் கண்ணுக்கு இது தெரியாது. பழைய பாகம் வாங்கும் கடைக்காரரும் விளக்கும் லென்ஸுமாக உட்கார்ந்திருக்க மாட்டார்.

கண்ணாடியில் பொறிப்பது அப்படி இல்லை, கிட்ட வந்தாலே தெரியும். ராயக்கோட்டை ரோட்டில் ஒரு கண்ணாடிக் கடையில் என் மாமாவின் காருக்குச் செய்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். எண் வெட்டிய ஸ்டென்சிலைக் கண்ணாடியின் கீழ் மூலையில் ஒட்டி, கையுறை போட்டுக்கொண்டு, வெள்ளைப் பசையைத் தடவினார் கடைக்காரர். பசையில் உள்ள ஃப்ளோரைடு சேர்மம் கண்ணாடியின் மேல் பரப்பை அரிக்கும், தோலில் பட்டாலும் புண்ணாக்கும். சில நிமிடம் கழித்துத் தண்ணீர் விட்டுக் கழுவி ஸ்டென்சிலை உரித்தபோது, பால் நிறத்தில் எழுத்துகள் நின்றன. நகத்தால் தேய்த்துப் பார்த்தேன், அசையவில்லை.

"டிரில் மெஷின்ல செதுக்கினா இன்னும் ஆழமா வருமேங்க?" என்று மாமா கேட்டார். "வேண்டாங்கண்ணா, சைடு கண்ணாடி டஃபண்ட் கிளாஸ். ஊசி ஆழமா இறங்கினா மொத்தமும் கல்கண்டு மாதிரி உதிர்ந்துடும்" என்றார் அவர். பசையோ மணல் வீச்சோதான் சரி.

எந்த எண்ணைப் பொறிப்பது? பலர் பதிவு எண்ணைச் சொல்வார்கள். நம் பக்கத்தில் அது தப்பு. டி.என். 24, டி.என். 70 வண்டிகள் பெங்களூருக்குக் கைமாறி கே.ஏ. எண் வாங்குவது சாதாரணம். அப்போது நேர்மையாக வாங்கியவர்தான் செக்போஸ்ட்டில் சங்கடப்படுவார். 17 இலக்க சேசிஸ் எண் வண்டியின் ஆயுசுக்கும் மாறாது. 1, 0 இரண்டோடும் குழம்பக் கூடாது என்று ஐ, ஓ, க்யூ ஆகிய ஆங்கில எழுத்துகளை அதில் சேர்ப்பதே இல்லை. பழைய வண்டி வாங்குபவர் கண்ணாடியில் இருப்பதையும் ஆர்.சி.யில் இருப்பதையும் ஒப்பிட்டாலே போதும், பொய் வெளிப்பட்டுவிடும். திருடன் தப்பிக்க எல்லாக் கண்ணாடியையும் மாற்ற வேண்டும். அந்தச் செலவுதான் நமக்குக் காவல்.

கண்ணாடிக்கு எட்டாத இடம் சைலன்சர். அதில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் பிளாட்டினம், பலேடியம், ரோடியம் என்ற விலையுயர்ந்த உலோகங்கள் இருப்பதால் வேன்களில் அதை மட்டும் அறுத்துக்கொண்டு போகிறார்கள். அதில் எண் பொறிக்க எலக்ட்ரிக் என்கிரேவர் வேண்டும். மெக்கானிக் ஐந்து நிமிடத்தில் எண்ணைக் கீறிவிடுவார். மேலே சூடு தாங்கும் பெயின்ட் பளிச்சென்று அடித்தால், கீழே குனிந்து பார்ப்பவனுக்கும் தெரியும். கம்பெனி குத்திய சேசிஸ் எண் மேலும் அதன் பக்கத்திலும் மட்டும் கை வைக்க விடாதீர்கள். பிறகு எண்ணைத் திருத்தியதாகச் சந்தேகம் உங்கள் மேலேயே வரும்.

எனக்குக் கண்ணாடிதான் முதல், சைலன்சர் இரண்டாவது. கையில் காசு இருந்தால் மைக்ரோடாட் மூன்றாவது. பொறித்ததும் ஒவ்வொரு இடத்தையும் போட்டோ எடுத்து ஆர்.சி. நகலோடு வீட்டில் வையுங்கள். புகார் கொடுக்கும்போது இந்த இடத்தில் இந்த எண் என்று எழுத முடியும்.

கண்ணாடி உடைந்து மாற்றினால் எண்ணும் அதோடு போய்விடும், இதுதான் இதில் உள்ள குறை. போன மாதம் தொப்பூர் கணவாயில் கல் தெறித்து என் காரின் பின் கதவுக் கண்ணாடி போனது. புதுசில் இன்னும் எண் இல்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை அதே கடைக்குப் போகிறேன்.